க்ரீம் போட்டா மூஞ்சி காந்துதா? சிவந்து போற தோலும் விலை கம்மியான சரக்கும்

புதுசா ஒரு க்ரீம் வாங்கி போட்ட அரை நிமிஷத்துல கன்னமெல்லாம் சுருசுருன்னு காந்த ஆரம்பிச்சு, கொஞ்ச நேரத்துல மூக்கு ஓரம் வரைக்கும் சூடேறி சிவந்து போற ஆளுங்க நம்மள்ல நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கு கிடைக்கிற அட்வைஸ் எப்பவும் ஒன்னுதான், உனக்கு சென்சிடிவ் ஸ்கின், காசு பார்க்காம நல்ல பிராண்டா வாங்கு. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. இந்த மாதிரி தோலுக்கு முதல்ல தேவைப்படுற சரக்கு கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும் மாதிரி ரொம்ப சாதாரண பொருள்தான், விலை ஏறும்போது டப்பாக்குள்ள கூட சேருறது பல சமயம் வாசனை, பூச்சாறு, எசென்ஷியல் ஆயில்னு இந்த தோலுக்கு ஆகவே ஆகாத ஐட்டங்களா இருக்கு. தோலுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா கடையில எதை எடுக்கணும் எதை வைக்கணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

தோலோட மேல்பரப்புல ஸ்ட்ராட்டம் கார்னியம்னு ஒரு படலம் இருக்கு. ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கோ ரெண்டு பங்கோதான் அதோட தடிமன், ஆனா வெளியில இருக்கிறது உள்ள போகாம, உள்ள இருக்கிற தண்ணி வெளிய ஓடாம பார்த்துக்கிறது முழுக்க அதுதான். அமெரிக்காவுல பீட்டர் எலியாஸ்னு ஒரு தோல் ஆராய்ச்சியாளர் இதை செங்கல் சுவர் மாதிரின்னு விளக்கினாரு, செத்துப்போன தட்டையான செல்லுங்க செங்கல், நடுவுல இருக்கிற கொழுப்பு சாந்து. அந்த சாந்துல கிட்டத்தட்ட பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மிச்சத்துல பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். சென்சிடிவ் ஸ்கின்னு சொல்றவங்க நிறைய பேருக்கு பிரச்சனை இந்த சாந்துலதான், அது அரிச்சுப் போச்சுன்னா தண்ணி ஆவியாகி வெளிய போகுது, மத்தவங்களுக்கு ஒன்னும் பண்ணாத பொருள் கூட இவங்களுக்கு நேரா உள்ள இறங்கிடுது.

அரிச்சுப் போறதுக்கு முதல் காரணம் பெரும்பாலும் நம்ம பாத்ரூம்லயே இருக்கு. சாதாரண சோப்போட பிஹெச் (எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) 9லருந்து 10 வரைக்கும், தோலோடது 5 பக்கத்துல, அதாவது லேசான புளிப்பு. செராமைடு தயாரிக்கிற என்சைம்களுக்கு அந்த புளிப்பு தேவை. பிஹெச் ஏறினா அதுங்க மந்தமாகிடும், அதே சமயம் காலிக்ரைன்னு இன்னொரு வகை என்சைம் இருக்கு, செல்லுங்களுக்கு நடுவுல இருக்கிற பிடிப்பை அறுத்து விடுறது அதோட வேலை, அது பிஹெச் ஏறினா சுறுசுறுப்பாகிடும் (இந்த காலிக்ரைன் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்). ஆக ஒரு பக்கம் சாந்து தயாரிப்பு குறையுது, இன்னொரு பக்கம் இருக்கிறதும் பிரியுது. போர் தண்ணி இருக்கிற வீடுன்னா இன்னும் மோசம். உப்பு தண்ணியில இருக்கிற கால்சியம் சோப்போட சேர்ந்து அழுக்கா தோல்லயே படிஞ்சிடும், எவ்வளவு கழுவினாலும் முழுசா போகாது. இங்கிலாந்துல ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துல பண்ண ஆராய்ச்சி 2018ல வந்துச்சு, இந்த மாதிரி கால்சியம் அதிகமான கடின தண்ணியில கழுவும்போது எஸ்.எல்.எஸ்.ங்கிற நுரைப் பொருள் தோல்ல அதிகமா தங்கி எரிச்சல் பண்ணுதுன்னு காட்டினாங்க.

அதுனால முதல் மாத்தம் ஃபேஸ்வாஷ்லதான் பண்ணணும், சீரம் எல்லாம் அப்புறம். சோப்பு இல்லாத க்ளென்சர்னா சிண்டெட் வகை, லேபிள்ல சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட், டெசில் குளுக்கோசைடு, கோகாமிடோப்ரோபைல் பீட்டெயின் மாதிரி பேருங்க முன்னாடி இருக்கும், நுரை கம்மியா இருக்கும், கழுவின பிறகு அந்த கிறீச்னு வர்ற ஃபீல் இருக்காது. அந்த கிறீச் ஃபீல் வந்தாதான் சுத்தமாச்சுன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, இந்த தோலுக்கு அதுதான் சாந்து போனதுக்கு அடையாளம். எலுமிச்சம்பழம், சமையல் சோடா ரெண்டையும் மூஞ்சி பக்கமே கொண்டு போகாதீங்க. எலுமிச்சை சாறு பிஹெச் 2 பக்கம், சோடா 8க்கு மேல, ரெண்டுமே தோலுக்கு தூரம், அதுலயும் எலுமிச்சை சாறோட வெயில்ல போனா தோல் வெந்து கொப்பளமே வரலாம்.

சரி, உள்ள இறங்கினா ஏன் எரியணும், ஏன் சிவக்கணும்?

தோலோட நரம்பு நுனியில டிஆர்பிவி1னு வாசல் மாதிரி திறந்து மூடுற ஒரு புரதம் இருக்கு. 1997ல டேவிட் ஜூலியஸ்ங்கிற அமெரிக்க விஞ்ஞானியோட குழு மிளகாயில இருக்கிற கேப்சைசினை வச்சு இதை கண்டுபிடிச்சாங்க, 2021ல அவருக்கு நோபல் பரிசும் வந்துச்சு. மிளகாய்க்கு திறக்கிற அதே வாசல்தான் சூட்டுக்கும் திறக்குது, கிட்டத்தட்ட 43 டிகிரி செல்சியஸ்ல. அமிலத்துக்கும் திறக்குது. எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுறது 2002ல வந்த இன்னொரு கண்டுபிடிப்பு, ஆல்கஹால் பட்டா இந்த வாசல் திறக்கிற வெப்பம் 34 டிகிரி பக்கத்துக்கு இறங்கிடுது, தோலோட சாதாரண சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது ஆல்கஹால் டோனர் போட்டா உங்க சொந்த உடம்பு சூடே உங்களுக்கு தீக்காயம் மாதிரி தெரியுது, கற்பனை பண்ணிக்கிட்டு சொல்றீங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நரம்பு எரிச்சலை மூளைக்கு சொல்றதோட நிக்காது. அந்த நுனியிலருந்தே சிஜிஆர்பி, சப்ஸ்டன்ஸ் பினு ரெண்டு ரசாயனம் வெளிய வருது, பக்கத்துல இருக்கிற ரத்தக் குழாய் விரியுது, ரத்தம் பாயுது, மூஞ்சி சூடாகுது, சிவக்குது. காரக்குழம்பு சாப்பிட்டாலும், வெயில்ல நடந்தாலும், சுடச்சுட டீ குடிச்சாலும், தப்பான க்ரீம் போட்டாலும் ஒரே மாதிரி சிவக்கிறதுக்கு இந்த பொதுவான வழியும் ஒரு காரணம்.

இது அடிக்கடி வந்து, கன்னத்துலயும் மூக்குலயும் சிவப்பு போகாம நின்னு, சின்ன சின்ன பருவும் வந்தா அது ரொசேஷியாங்கிற தோல் வியாதியா இருக்கலாம். அங்கதான் காலிக்ரைன் திரும்ப வருது. கேத்தலிசிடின்னு நம்ம தோல்ல ஒரு கிருமி எதிர்ப்பு புரதம் இருக்கு, அதை காலிக்ரைன் 5 வெட்டி எல்எல்-37ங்கிற துண்டா ஆக்குது. 2007ல ரிச்சர்ட் காலோங்கிற அமெரிக்க தோல் ஆராய்ச்சியாளரோட குழு ரொசேஷியா தோல்ல இந்த ரெண்டுமே அதிகமா இருக்கிறதை காட்டினாங்க, அந்த துண்டுங்களை எலி தோல்ல செலுத்தினப்போ அங்கயும் அழற்சி வந்துச்சு.

நம்ம நிறத்துல இன்னொரு சிக்கல். ரொசேஷியா வெள்ளைக்காரங்க வியாதின்னு நினைக்கிறதால கருப்பு, மாநிறத் தோல்ல டாக்டருங்களே பல நேரம் பிம்பிள்னு நினைச்சு விட்டுடுறாங்க, அப்புறம் பிம்பிளுக்கான கடுமையான மருந்து போட்டு இன்னும் எரியுது. சிவப்பு நம்ம தோல்ல சிவப்பா தெரியாது, கருஞ்சிவப்பா, இல்லைன்னா பழுப்பா, சில சமயம் முகம் கறுத்த மாதிரிதான் தெரியும். அதுனால கண்ணாடிய நம்புறதை விட சூட்டையும் காந்தலையும் கவனிங்க. ஒரு சுத்தமான கண்ணாடி டம்ளரோட ஓரத்தை அந்த இடத்துல அழுத்திப் பாருங்க, நிறம் மங்கி, எடுத்ததும் திரும்ப வந்துச்சுன்னா அங்க ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கு.

இப்ப காசு விஷயத்துக்கு வருவோம். சாந்தை திரும்ப கட்ட மூணு வேலை இருக்கு, தண்ணிய பிடிச்சு வைக்கணும், ஆவியாகாம மூடணும், கொழுப்பை ஈடு கட்டணும். தண்ணிய பிடிக்க கிளிசரினை மிஞ்ச ஆள் இல்ல, மலிவும் கூட. ஆனா தனி கிளிசரினை அப்படியே தடவாதீங்க, பிசுபிசுன்னு ஒட்டும், க்ரீம்ல கலந்து வர்றதுதான் சரி. மூடுறதுக்கு பெட்ரோலியம் ஜெல்லி. பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகள்ல பம்ப்புல ஒட்டிக்கிட்டு தொல்லை குடுத்த மெழுகைப் பார்த்து ராபர்ட் சீஸ்பரோங்கிற வேதியியலாளர் உருவாக்கினது, 1872ல பேட்டன்ட் வாங்கினாரு. தோல் வழியா போற தண்ணிய 98 சதவீதம் அளவுக்கு இது தடுக்கும், எண்ணெய் வகைகள் பொதுவா 20லருந்து 30 சதவீதம்தான். மெடிக்கல்ல ஒயிட் சாஃப்ட் பாரஃபின்னு கேட்டாலும் இதேதான் தருவாங்க. நம்ம வெயிலுக்கு பகல்ல போட்டா வேர்வையும் சூடும் சேர்ந்து நசநசன்னு ஆகி அந்த சூட்டுலயே சிவக்கும், அதுனால ராத்திரி, மூஞ்சி ஈரமா இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட்டு அதுக்கு மேல பட்டாணி அளவுல பாதி எடுத்து வறண்ட இடத்துல மட்டும் மெல்லிசா தடவினா போதும். ஆலிவ் ஆயில் மட்டும் வேணாம், அதுல அதிகமா இருக்கிற ஒலீயிக் அமிலம் அந்த கொழுப்பு சாந்தையே குலைக்குது.

நியாசினமைடு பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. வைட்டமின் பி3 வகை, தோலையே செராமைடு அதிகமா தயாரிக்க வைக்கும், நல்ல சரக்குதான், ஆனா ஆராய்ச்சிகள்ல நல்ல பலன் காட்டினது பெரும்பாலும் 2லருந்து 5 சதவீதத்துல. கடையில 10 சதவீதம்தான் கொட்டிக் கிடக்கு, சிவந்து போற தோலுக்கு அது தேவையே இல்லாத அளவு. தனி சீரம் வாங்காம, ஏற்கனவே நியாசினமைடு கலந்த மாய்ஸ்சரைசரா எடுத்தா ஒரு பாட்டில் காசு மிச்சம், மூஞ்சில போடுற பொருளும் ஒன்னு குறையுது.

லேபிள் படிக்க ஒரு வழி சொல்றேன். பொருள் பட்டியல் அளவு அதிகமானதுலருந்து இறங்கு வரிசையில வரும், 1 சதவீதத்துக்கு கீழ போனா மட்டும் எந்த வரிசையிலயும் போடலாம். ஃபினாக்சிஎத்தனால்னு ஒரு ப்ரிசர்வேட்டிவ் நிறைய க்ரீம்கள்ல இருக்கும், ஐரோப்பாவுல அதோட உச்ச அளவே 1 சதவீதம், பெரும்பாலான கம்பெனிங்க அந்த அளவுக்குள்ளதான் நிக்கிறாங்க. அப்ப அதுக்கு பின்னாடி வர்ற எதுவா இருந்தாலும் 1 சதவீதத்துக்கு மேல இருக்காது. டப்பா முன்னாடி பெருசா படம் போட்டு விக்கிற பூவோட சாறு பட்டியல்ல இதுக்கு பின்னாடி இருந்தா அந்த பூவுக்கு எவ்வளவு காசு குடுக்குறோம்னு யோசிச்சுக்கோங்க. ஆனா வாசனைப் பொருள் மட்டும் பின்னாடி இருந்தாலும் சும்மா விடக்கூடாது, அலர்ஜி இருக்கிறவங்களுக்கு கடுகளவே போதும். ஃப்ராக்ரன்ஸ், பர்ஃப்யூம், லிமோனீன், லினலூல், லேவண்டர், பெப்பர்மின்ட், மென்தால் இதெல்லாம் கண்ணுல பட்டா திரும்ப ஷெல்ஃப்லயே வச்சிடுங்க. மெத்தில்ஐசோதயசோலினோன்னு ஒரு ப்ரிசர்வேட்டிவ் இருக்கு, அமெரிக்க காண்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி 2013ல அதை அந்த வருஷத்து அலர்ஜன்னு, அதாவது அலர்ஜி கிளப்புற பொருள்னு அறிவிச்சாங்க, கழுவாம விடுற க்ரீம்கள்ல ஐரோப்பா அதை தடையே பண்ணிடுச்சு.

சன்ஸ்கிரீன்ல ஜிங்க் ஆக்சைடு இருக்கிறது பொதுவா எரியாது. நம்ம நிறத்துல சாம்பல் பூசின மாதிரி தெரியும்ங்கிறது உண்மையான குறைதான், அயர்ன் ஆக்சைடு கலந்த டின்டட் வகை அதை சரி பண்ணும், சிவப்பையும் கொஞ்சம் மறைக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் மலிவு ஆபத்து. மெடிக்கல்ல சீட்டு இல்லாம கேட்ட உடனே எடுத்துக் குடுக்கிற மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் கலந்த ட்யூப் இருக்கே, அதெல்லாம் ஸ்டீராய்டு. போட்ட ரெண்டு நாள்ல சிவப்பு மாயமா போயிடும், ஏன்னா அது ரத்தக் குழாயை சுருக்குது. ஆனா மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு குழாய் நிரந்தரமா விரிஞ்சு நிக்கும், நிறுத்தினா முன்னாடி இருந்ததை விட பயங்கரமா எரிஞ்சு சிவக்கும், அதுக்கு பயந்தே திரும்ப போடுவாங்க. 2011ல வந்த ஒரு இந்திய ஆய்வுல மூஞ்சி பிரச்சனையோட வந்த 2926 பேர்ல 433 பேர் மூஞ்சிக்கு ஸ்டீராய்டு போட்டுட்டு இருந்தாங்க. 2018ல அரசாங்கம் இதுல பலதை சீட்டு இல்லாம விக்கக் கூடாத பட்டியல்ல சேர்த்துச்சு, ஆனாலும் கிடைச்சுக்கிட்டுதான் இருக்கு. ஏற்கனவே போட்டுட்டு இருக்கீங்கன்னா திடீர்னு நிறுத்தாம தோல் டாக்டரை பார்த்து நிறுத்துங்க.

அதே மெடிக்கல்ல கிடைக்கிற நல்ல பொருள்னா அசிலாயிக் ஆசிட். கோதுமை, பார்லியில இயற்கையா இருக்கிற அமிலம், காலிக்ரைன் 5ஐ நேரடியா அடக்குது, 15 சதவீத ஜெல்லுக்கு 2002ல அமெரிக்காவுல ரொசேஷியாவுக்கு அனுமதி கிடைச்சுது. டாக்டர் கிட்ட கேட்டு, அந்த செங்கல் சுவர் கொஞ்சம் தேறின பிறகு ஆரம்பிக்கிறது நல்லது.

எதை வாங்கினாலும் ஒரு நேரத்துல ஒன்னே ஒன்னுதான் புதுசா, அதுவும் இருக்கிறதுலயே சின்ன ட்யூப். முழங்கை மடிப்புல தினம் ரெண்டு வேளை ஒரு வாரத்துக்கு குறையாம தடவிப் பாருங்க. அலர்ஜி உடனே வராது, ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் தலை காட்டும், அதுனால ஒரே ராத்திரி டெஸ்ட் பத்தாது. அப்புறம் காது பக்கத்து தாடையில, அதுக்கப்புறம்தான் முழு மூஞ்சி. போட்டதும் லேசா சுருக்குனு குத்தி ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கி, நிறம் மாறலைன்னா அது நரம்போட வேலை, அசிலாயிக் ஆசிட்ல முதல் சில வாரம் இது சகஜம், நாள் விட்டு நாள் போட்டுப் பார்க்கலாம். அரிப்பு நேரம் ஆக ஆக ஏறினாலோ, வீங்கினாலோ, மறுநாள் தடிப்பா நின்னாலோ விலை எவ்வளவா இருந்தாலும் அதை மூஞ்சில போடாதீங்க, குதிகால் வெடிப்புக்கு கூட வேணாம், அலர்ஜின்னா உடம்புல எங்க போட்டாலும் அலர்ஜிதான்.