முகாம் முடிந்த மறுவாரம்

சில ஆண்டுகளுக்கு முன், பாம்பன் பக்கம் ஒரு மீனவக் குடியிருப்பில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நடத்திய மருத்துவ முகாமுக்கு மருத்துவராகப் போயிருந்தேன். காலை பத்து மணிக்குள் பந்தல், ஒலிபெருக்கி, பதாகை எல்லாம் தயாராகிவிட்டன. வந்தவர்கள் முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். ஆண்களில் பெரும்பாலானோர் கடலில் இருந்தார்கள். பெண்கள் கடற்பாசி எடுக்கப் போயிருந்தார்கள். அன்று அமாவாசைக்கு மறுநாள். இந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவதென்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒரு நாளைப் பார்த்துத்தான் நாங்கள் முகாமுக்குத் தேதி குறித்திருந்தோம்.

பிற்பகலில் அவர்கள் கரையேறி வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். விரல்களில் துணிச் சுற்று, கையில் ஈரச் சாக்கு, கண்ணாடி அழுந்திய தடம் மாறாத முகம். முதலாமாண்டு மாணவி ஒருத்தி மட்டும், கட்டி வைத்த இரத்த அழுத்தக் கருவியை மீண்டும் எடுத்து மேசையில் வைத்தாள். அன்றைய முகாம் உண்மையில் தொடங்கியது அப்போதுதான். முதல் பிழையும் அப்போதே நேர்ந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த உடனே கைப்பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார்கள். 168/100 என்று வந்தது. "அம்மா, உங்களுக்கு பி.பி. ரொம்ப அதிகம்!" என்று மாணவர் ஒருவர் வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு தவறுகள் நடந்தன. கடலில் பல மணி நேரம் மூழ்கி எழுந்து, ஈரச் சுமையுடன் நடந்து வந்தவரின் அழுத்தம் அந்தக் கணத்தில் ஏறித்தான் இருக்கும். முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் படிய, குறைந்தது ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக வைத்து, சட்டைக் கைக்கு மேலல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்றி, சிறிது இடைவெளியில் இருமுறை பார்த்த பிறகே அந்த எண்ணைக் குறிக்க வேண்டும். முந்தைய அரை மணி நேரத்தில் காப்பியோ வெற்றிலையோடு புகையிலையோ போட்டிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 140/90 என்ற வரம்பைத் தாண்டினால்கூட, ஒரே நாள் அளவை வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது தவறு, எண்ணைச் சத்தமாகச் சொன்னது. அட்டையில் எழுதி அவர் கையில் கொடுப்பதும், அவர் இசைந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிப்பதும் மட்டுமே மாணவரின் வேலை. நோய்க்குப் பெயர் வைப்பதோ மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதோ அவர்கள் வேலையல்ல. அதைத் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

பாசி எடுப்பவர்களிடம் சர்க்கரை நோய் பற்றிப் பேசும்போது உணவை விடப் பாதத்தைப் பற்றியே நான் அதிகம் பேசச் சொல்வேன். பாறையிலும் பவளத் திட்டிலும் கால் கிழிவது அவர்களுக்கு அன்றாடம் நடப்பது. சர்க்கரை கட்டுப்படாதவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடுவதால், காயம் பட்டதே தெரியாமல் அது புண்ணாகி ஆழமாகிவிடும். மாலையில் நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு உட்பட வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாதவர் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். கருவாட்டைக் கைவிடச் சொல்வதில் பயனில்லை. நன்றாக ஊறவைத்துக் கழுவி, அந்தக் குழம்பில் தனியாக உப்புப் போடாமல் விடுவது நடக்கக்கூடிய காரியம்.

மாணவர்கள் எனக்கே ஒன்றைக் கற்றுக்கொடுத்தது தண்ணீர் விஷயத்தில். டெங்கு விழிப்புணர்வு என்றாலே "தேங்கிய நீரைக் கொட்டுங்கள்" என்பதுதான் எல்லாத் துண்டறிக்கையிலும் இருக்கும். சாயல்குடிப் பக்கம் ஒரு வீட்டில் மாணவர் ஒருவர் அதை ஒப்பித்ததும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தண்ணிக்கு நான் நாலு மணிக்கு எந்திரிச்சுப் போனேன் தம்பி. கொட்டச் சொல்றீகளே, நீங்க பிடிச்சுத் தருவீகளா?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் என்றைக்கு வரும் என்று காத்திருந்து, வந்த அன்று டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் நிரப்பி வைத்துக்கொள்ளும் ஊர்கள் இவை. அந்த நல்ல தண்ணீரைத்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் தேடி வருகிறது. முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் தாங்கும். தண்ணீர் பட்டதும் பொரித்து, கூத்தாடிப் புழுவாக நெளிந்து, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கொசுவாகப் பறந்துவிடும். அப்படியானால் தண்ணீரைக் கொட்டுவதை விடச் சுவரைத் தேய்ப்பதே முக்கியம். பாட்டியுடன் பேசி மாணவர்களே ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் வரும் நாளுக்கு முன்தினம் டிரம்மில் அடிமட்டம்தான் மிஞ்சியிருக்கும். அதைத் துணியில் வடிகட்டிப் புழங்குவதற்கு எடுத்துக்கொண்டு, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துவிட்டு, மறுநாள் நிரப்பியதும் பழைய வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீர் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் ஊரில், இடையில் ஒருமுறை நீர்மட்டத்துக்கு மேலுள்ள சுவரையாவது தேய்த்து, துணிக்கட்டு தளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வடிகட்டிய துணியில் துள்ளிய புழுக்களை ஒரு கண்ணாடித் தம்ளரில் விட்டு, கைப்பேசி விளக்கில் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். என் அரை மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை அந்தத் தம்ளர் செய்தது.

இப்போது நான் கல்லூரிகளிடம் கேட்பது ஒன்றே. முகாமுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அடுத்த மாதத்துக்கு எடுத்து வையுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் பெரும்பகுதி பேரணியிலும் பதாகையிலும் கரைந்துபோகிறது. அட்டையில் எழுதிக் கொடுத்த எண் என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பிப் போய்க் கேட்பதில்லை. அழுத்தம் உறுதியானவருக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 முதல் இருக்கிறது; ஆனால் கடலுக்குப் போகிறவர் அந்த மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார் என்பது, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியவரும். ஆண்களைப் பார்க்க ஏற்ற காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள். அந்த நாட்களில்தான் கல்லூரிகளில் தேர்வும் விடுமுறையும் வந்துவிடுகின்றன. உள்ளூர் மாணவர்கள் நால்வர் இருந்தால்கூட இதைச் சமாளிக்கலாம் என்பது என் அனுபவம்.

முதல் நாள் எழுந்து போன அந்த அம்மாவின் வீட்டுக்கு, கருவியை எடுத்து வைத்த மாணவி மூன்று வாரம் கழித்து, பாசிக்குப் போகாத ஒரு நாளின் மாலையில், தோழியுடன் போனாள். பேச்சு மீன் விலையில் தொடங்கி, மகளின் பிரசவத்துக்குப் போய், வெகுநேரம் கழித்தே இரத்த அழுத்தத்துக்கு வந்தது. இருமுறை பார்த்தும் 150க்குக் கீழே இறங்கவில்லை. எண்ணை அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி, அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அந்த வாரமே அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு.