தைப்பிங் மழை ஏன் நேரம் தவறுவதில்லை?

தைப்பிங்கில் மதியம் மூன்று மணிக்கு மேல் குடையில்லாமல் கிளம்புகிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெறும் ஊர் இது. ஆண்டுக்கு 4000 மி.மீட்டரை ஒட்டிப் பெய்யும். எத்தனை மணிக்கு மழை இறங்கும் என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டுவார்களாம். கடலும் மலையும் சேர்ந்து அன்றன்றைக்கு உண்டாக்கும் மழை என்பதால்தான் அதற்கு இவ்வளவு நேர ஒழுங்கு.

வெயில் ஏறியதும் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி எழும்ப, மேற்குக் கடலோரக் கோலா செபெத்தாங் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே புகுகிறது. அங்கே மணற்கரை இல்லை. அலை ஓங்காத கடல், சேறு, அலையாத்திக் காடு. அதைத் தாண்டினால் செம்பனைத் தோட்டங்கள். எல்லாம் சமவெளி. ஊர் முடிந்ததும் 1250 மீட்டர் உயர புக்கிட் லாருட் மலை குறுக்கே நிற்கிறது. காற்று ஏறித்தான் ஆகவேண்டும்.

ஏறும் காற்று விரிந்து, 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் குளிர்கிறது. மேகத்தின் அடி எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்கிடலாம்: வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 125ஆல் பெருக்குங்கள். 32 டிகிரி வெயில், 25 டிகிரி பனிநிலை என்றால் 875 மீட்டர். ஈரம் கூடி அவை 30, 26 ஆகிவிட்டால் வெறும் 500 மீட்டர். காலை பதினொரு மணிக்கே மலையின் இடுப்பில் மேகம் கட்டியிருந்தால், ஊரிலுள்ள ஏரிப் பூங்கா உலாவை அத்துடன் முடித்துக்கொள்வது நல்லது. ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளும். இடி மழைக்கு அதுவே எரிபொருள்.

1880இல் ஈய லம்பப் (சுரங்கப்) பள்ளங்களில் உருவான அந்தப் பூங்காவில், தண்ணீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதன் ஒரு பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, நீரும் பின்னாலேயே போகும். அந்தப் பக்கம் தளர்ந்து இலை மூடிக்கொள்ளும். அந்தியில் மட்டுமல்ல, மழைமேகம் இருட்டினாலும் மூடும். மழை தடையின்றி அடியிலுள்ள புல்லுக்குப் போய்ச் சேர்கிறது.

பால்மரத் (ரப்பர்) தோட்டத்துக்கு இந்த நேர ஒழுங்கு பெரிய வரம். விடியலில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். மதியத்துக்குள் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) சேர்ந்த பாலை எடுத்துவிட்டால், நாலு மணி மழையால் அன்றைய பாலுக்குச் சேதமில்லை. கெடுப்பது ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா காற்று. மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு விடியலில் மழையோடு கரையேறும். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெல்லாம் வழியும், மங்கில் மழைநீர் கலக்கும். அன்றைக்கு மரம் சீவ முடியாது.

மலையேறுவதானால் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு விடியலிலேயே கிளம்புங்கள். அடிவாரத்து ஆற்றில் குளிப்பவர்களுக்குத் தலைக்கு மேல் வெயில் காயலாம். மழை மேலே, மலையில் பெய்துகொண்டிருக்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். துணி, செருப்பு, பை எதற்கும் திரும்ப இறங்காதீர்கள்.