கோணல் கொய்யாக் கிளையில் ஒரு வில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொய்யாக் கிளை என்றாலே லாஸ்டிக் கவைதான், அதாவது உண்டிவில்தான், ஞாபகம் வரும். பால்மரக் (ரப்பர் மரக்) கிளை காற்றுக்கே படக்கென்று ஒடியும். கொய்யா வளைந்து கொடுக்கும். அதிலேயே வில் செய்யலாம். ஆனால் நாலு கணுவும் ஒரு கோணலும் இல்லாத கொய்யாக் கிளையை தொழிலாளர் வீடுகளான லயத்துப் பின்புறத்தில் நான் பார்த்ததில்லை.

நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம், அதாவது முதுகு, இழுபடுகிறது. நம்மைப் பார்த்த பக்கமான வயிறு அமுங்குகிறது. மரம் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. ஆனாலும் வயிறு அமுங்கினால் வில் கொஞ்சம் வளைந்தே நின்றுவிடும், அவ்வளவுதான். முதுகில் நார் அறுந்தால் வில் இரண்டு துண்டு.

அதனால் முதுகில் பாராங் கத்தி படக்கூடாது. குளிர்நாடுகளில் ஓர் ஆண்டு வளையத்தைத் தேடிப் பிடித்து அதையே முதுகாக்குவார்கள். நம் ஊர் மரங்கள் பெரும்பாலானவற்றில் வளையம் தெளிவாக இருக்காது. பட்டையை மட்டும் உரித்து, அடியில் தெரியும் மரத்தை அப்படியே முதுகாக விட்டுவிட வேண்டியதுதான். மேடு பள்ளம் இருந்தால் இருக்கட்டும். ஆற்றுநீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல நார் கணுவைச் சுற்றி ஓடுகிறது. அழகுக்காக அந்த மேட்டைச் சீவினால் நார் வெட்டுப்படும். சிம்பு கிளம்புவது அங்கிருந்துதான்.

செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கம். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் அவ்வளவே குறையும். கனம், அதாவது தடிமன், அப்படியல்ல, அதன் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு மாறும். 20 மில்லிமீட்டர் கனத்தை 18 ஆக்கினால் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும். கை அவசரப்பட்டால் வில் அடுப்புக்குத்தான்.

கணு வரும் இடத்தில் இதே கணக்கு நம் பக்கம் நிற்கிறது. அங்கே கனத்தை 10 விழுக்காடு கூடுதலாக விட்டால் வளைவு கால் பங்கு குறைகிறது. முதுகு நார் நீள்வதும் ஏறக்குறைய 17 விழுக்காடு குறைகிறது. பலவீனமான இடத்துக்கு வேலை கொடுக்காமல் விடுகிறோம், அப்புறம் பக்கத்து மரம் பாரத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பக்கவாட்டுக் கோணலுக்குப் பயப்பட வேண்டாம். நுனிக்கு நுனி நூல் பிடித்தால் அது கைப்பிடியின் நடுவில் போக வேண்டும், அவ்வளவே.

ஈரம்தான் இங்கே பெரிய தொல்லை. வெட்டியவுடன் இரு முனைகளிலும் பெயிண்ட் பூசாவிட்டால், முனைகள் முதலில் காய்ந்து வெடிக்கும். நிழலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் நம் காற்றில் மரம் 15 விழுக்காடு ஈரத்தை ஒட்டியே நிற்கும். வில்லுக்கு 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. ஈரமான மரம் சீக்கிரம் வளைந்து நின்றுவிடும் என்பதால் வில்லைக் கொஞ்சம் நீளமாக, அகலமாக விடுவேன்.

கடைசியில் வில்லைச் சுவரில் மாட்டி, நாணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வளையாத இடத்தை மட்டும் கண்ணாடித் துண்டால் சுரண்ட வேண்டும். கோணல் மரத்தில் கண் ஏமாறுவது இங்கேதான். பிறவியிலேயே வளைந்த இடம் அதிகம் வளைவதுபோலத் தோன்றும். அதனால் நாண் கட்டுமுன் வில்லின் உருவத்தைச் சுவரில் சாக்கட்டியால் வரைந்துகொள்கிறேன். இழுத்த பிறகு, அந்தக் கோட்டிலிருந்து எந்த இடம் எவ்வளவு விலகியது என்று மட்டும் பார்க்கிறேன்.