புது கோச் வந்தார், உள்தொடை வலி வந்தது

ஹலசூரிலிருந்து ஒரு அம்மா, பதினாறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "புது கோச் வந்து மூணு வாரம்தான் சார் ஆச்சு. ஸ்கூட்டில ஏறக் காலைத் தூக்க முடியல இவனுக்கு" என்றார். பையன் ஹாக்கியில் லெஃப்ட் விங், அதாவது இடது ஓரத்தில் ஆடும் ஃபார்வர்ட். கீழே விழவில்லை, பந்தும் படவில்லை.

பெங்களூருவில் ஹாக்கிப் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். இப்படி யாராவது வந்தால் என் முதல் கேள்வி, "கோச் என்ன மாத்தினார்?" என்பதுதான்.

பையன் ஸ்டிக்கை எடுத்து என் அறையிலேயே செய்து காட்டினான். முன்பெல்லாம் பந்து எதிரணிக்குப் போனால் அவன் எதிரணி கோல் பக்கமே நின்றுகொள்வான். இப்போது பாதி மைதானம் இறங்கி வந்து, பந்தோடு வருபவனைப் பக்கக் கோட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். முட்டி மடங்கி, இடுப்பு தாழ்ந்து, ஸ்டிக் தரையோடு ஒட்டியபடி பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தான். நான்காவது அடியில் உள்தொடையைப் பிடித்துக்கொண்டான்.

நேராக ஓடிப் பழகிய கால் அது. பக்கவாட்டில் அகட்டிவைத்துச் சட்டென்று நிற்கும்போது, இழுபட்ட நிலையில் இருக்கும் உள்தொடைத் தசைதான் அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஸ்டிக்கின் தட்டைப் பக்கத்தால்தான் பந்தை ஆட வேண்டும் என்பது ஹாக்கி விதி. அதனால் இடது பக்கம் போகும் பந்துக்கு ஸ்டிக்கைத் திருப்பி, உடம்பையும் முறுக்கிக் குனிய வேண்டும். கீழ்முதுகு வலியும் சேர்ந்து வருவது இதனால்தான்.

கோச்சைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைய ஹாக்கியில் டிஃபன்ஸ் ஃபார்வர்டிடமிருந்தே தொடங்குகிறது. 2023-இல் இந்திய ஆண்கள் அணிக்குக் கோச்சாக வந்த கிரெய்க் ஃபுல்டனும் முதலில் டிஃபன்ஸைத்தான் இறுக்கினார். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் 17-ஆவது நிமிடத்திலேயே நம் டிஃபன்டர் அமித் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேராக நின்று பிரிட்டனை 1-1 என்று மறித்து, ஷூட்அவுட்டில் 4-2 என ஜெயித்தோம். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் தடுப்புகள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு, திரும்பத் திரும்ப இறங்கி வந்த ஃபார்வர்டுகளின் கால்கள்தான் கண்ணில் நிற்கின்றன. ஆனால் அவர்கள் இதே ஊரில் இருக்கும் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையத்தில் மாதக்கணக்காக முகாமிட்டு அதற்குத் தயாரானவர்கள். நம் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை சிஸ்டம் மாறுகிறது, ஞாயிற்றுக்கிழமை மேட்ச்.

அந்தக் கோச்சிடம் போனில் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். நான் சொன்னது இதுதான்: யார் எங்கே நிற்பது என்பதைச் சொல்லித்தர வேகம் எதற்கு? முதல் வாரம் நடந்தே காட்டலாம். குனிந்து ஆடும் பயிற்சியைச் சில நிமிடங்களில் ஆரம்பித்து, வாரா வாரம் கூட்டலாம். அப்புறம், ஹாக்கியில் ஆள் மாற்ற எண்ணிக்கை வரம்பே கிடையாது; பெனால்டி கார்னர் (கோலுக்கு அருகே டிஃபன்ஸ் செய்யும் தவறுக்கு எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) நேரம்தான் விலக்கு. அப்படியிருந்தும் நன்றாக ஆடுகிற ஃபார்வர்டை நான்கு குவார்ட்டரும் வெளியே எடுக்காமல் வைத்திருக்கிறோம்.

பெற்றோர் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பிள்ளையை மல்லாந்து படுக்கவைத்து, முட்டியை மடக்கச் சொல்லி, நடுவில் உங்கள் முஷ்டியை வைத்து இரண்டு முட்டியாலும் அழுத்தச் சொல்லுங்கள். உள்தொடையில் வலித்தால் அன்று மைதானம் வேண்டாம், பிசியோவிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். ஸ்ப்ரே அடித்து, வலி மாத்திரை கொடுத்து மேட்சுக்கு அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. வலி அடங்கியதும் அதே தசை அறுந்துபோகும் அளவுக்கு ஓடிவிடுகிறார்கள்.

இன்னொன்று. பெனால்டி கார்னரில் அடிப்பவரைத் தடுக்க முதலில் பாய்ந்து ஓடும் பிள்ளைக்கு முகக்கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது.

அந்தப் பையன் ஆறாவது வாரம் மைதானத்துக்குத் திரும்பினான். முதல் நாள் பத்து நிமிடம்தான். அம்மா கோட்டுக்கு வெளியே வாட்ச்சைப் பார்த்தபடி நின்றிருந்தார்.