மீட்டர் பக்கத்துச் சிறு குழாய்முனை: அமெரிக்க விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் குழாய் எரிவாயு வரும் வீடுகளில், மீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்துச் சேர்த்தாற்போல ஓர் உலோகப் பொருள் இருக்கும். அதுதான் ரெகுலேட்டர். பெரும்பாலும் வெளிச்சுவரில், சில பழைய கட்டடங்களில் உள்ளே. அதன் பக்கவாட்டில் கீழ்நோக்கித் திறந்த சிறு முனை ஒன்று, வாயில் மெல்லிய கம்பிவலையோடு. வீடு வாங்கும்போது குளியலறைக் குழாய்வரை திறந்து பார்க்கிற நாம் இதைக் கவனிப்பதே இல்லை. இந்த முனை எங்கே, எப்படி முடிய வேண்டும் என்பதற்குக் கூட்டாட்சி அரசின் விதி இருக்கிறது.

தெருவில் வரும் அழுத்தம் வீட்டுக்கு அதிகம். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் வழக்கமாகத் தேவைப்படுவது சுமார் 7 அங்குல உயர நீர் தரும் அழுத்தம்தான், அதாவது சதுர அங்குலத்துக்குக் கால் பவுண்டு. அதைக் குறைத்துத் தர ரெகுலேட்டருக்குள் ஒரு சவ்வு உண்டு. அதன் ஒரு பக்கம் எரிவாயு, மறுபக்கம் ஸ்பிரிங்கும் வெளிக்காற்றும். சவ்வு அசைய வேண்டுமானால் அந்தக் காற்று போய்வர வேண்டும். அதற்கான மூச்சுத்துளைதான் வென்ட்; முதலில் சொன்ன சிறு முனை அதன் வாய். சாதாரண நாளில் அதில் காற்று மட்டுமே போகும். சவ்வு கிழிந்தாலோ, அழுத்தம் எல்லை மீறி உள்ளிருக்கும் பாதுகாப்பு வால்வு திறந்தாலோ எரிவாயு வெளியேறுவதும் அதே வழியில்தான்.

போக்குவரத்துத் துறையின் கீழுள்ள குழாய்வழிப் பாதுகாப்பு நிர்வாகம் கவனிக்கும் விதித்தொகுப்பில் 192.355 என்ற பிரிவு இதைச் சொல்கிறது. வென்ட் கட்டடத்துக்கு வெளியே முடிய வேண்டும். அந்த முனைக்குள் மழையும் பூச்சியும் புகக்கூடாது. வெளிவரும் வாயு தடையின்றிக் காற்றில் கலந்து போகிற இடமாக, கட்டடத்தின் எந்தத் திறப்புக்கும் விலகி இருக்க வேண்டும். வெள்ளம் வரக்கூடிய பகுதியென்றால், நீரில் மூழ்கிக் கெடாதபடி காப்பு வேண்டும்.

பூச்சியைப் பற்றி ஒரு சட்டமா என்று சிரிப்பு வரலாம். ஒரு குளவி மண்கூடு கட்டினால் போதும், துளை அடைந்துவிடும், சவ்வு சரியாக அசையாது. உறைபனி மூடினாலும் இதே கதைதான்.

எத்தனை அடி விலகி என்று இந்தக் கூட்டாட்சி விதி எண் தரவில்லை. விலகி இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அடிக்கணக்கை மாநில, உள்ளூர் விதிகளிலும் எரிவாயு நிறுவனத்தின் கையேட்டிலும்தான் தேட வேண்டும். எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் தூரம் மட்டும் பாதுகாப்பு தராது. குழாய் எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்; அது காற்றைவிட இலேசானது, கிட்டத்தட்ட பாதி எடைதான். திறந்த வெளியில் மேலே ஏறிக் கலைந்துவிடும். அதே முனைக்கு மேல் தாழ்வான கூரை விளிம்போ, பின்னாளில் கட்டிய மரத்தளமோ இருந்தால் வாயு அங்கே தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை சேர்ந்தால் ஒரு பொறி போதும். குழாய்க்குப் பதில் தொட்டியில் வரும் புரொப்பேன் எரிவாயு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து அடித்தள ஜன்னலுக்குள் இறங்கும். அதனால்தான் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் புரொப்பேனுக்காக வகுத்த என்எஃப்பிஏ 58 நெறி, வெளியே பொருத்திய ரெகுலேட்டரின் வென்ட்டுக்கும் அதற்குக் கீழ்மட்டத்தில் உள்ள கட்டடத் திறப்புக்கும் இடையே குறைந்தது 3 அடி கிடைமட்ட இடைவெளி கேட்கிறது.

வெள்ளம் பற்றிய நிபந்தனை மிகையாகத் தெரிந்தால் ஒரு சின்னக் கணக்கு. வென்ட்டுக்கு மேல் ஓர் அடி நீர் நின்றால், சவ்வின் மறுபக்கம் 12 அங்குல அழுத்தம் கூடுகிறது. 7 அங்குலம் போக வேண்டிய அடுப்புக்கு 19 அங்குலம் போகும்.

ரெகுலேட்டர் வீட்டுக்குள் இருப்பதை விதி தடுக்கவில்லை, வென்ட் வெளியே போய் முடிந்தால் சரி. 2016 ஆகஸ்ட் 10 அன்று மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் ஓர் அடுக்குமாடி வெடித்து 7 பேர் இறந்தார்கள். மீட்டர் அறைக்குள் இருந்த பாதரச வகை ரெகுலேட்டர் செயலிழந்தது, அதன் வென்ட் குழாயோ இணைக்கப்படாமல் இருந்தது, வாயு அறைக்குள்ளேயே சேர்ந்தது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் முடிவு சொன்னது. புதிய ரெகுலேட்டர்களை வெளியேதான் பொருத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இந்த விதியின் பொறுப்பு எரிவாயு நிறுவனத்தின் மேல்தான், வீட்டுக்காரர் மேல் அல்ல. ஆனால் நிறுவனம் சரியாக வைத்துவிட்டுப் போன முனையைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான்: பக்கத்தில் புது ஜன்னல் வெட்டுகிறோம், மீட்டர் அசிங்கமாக இருக்கிறதென்று பெட்டி போட்டு மூடுகிறோம், சுவரோடு சேர்த்து வலைக்கும் பெயின்ட் அடிக்கிறோம். அப்படி ஏதாவது கட்டுவதற்கு முன் நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். குழாயை நீட்டுவதோ திருப்புவதோ அவர்கள் வேலை. பனி மூடினால் மண்வாரியால் தட்டாமல் துடைப்பத்தால் மெல்லத் தள்ளுங்கள்.

எரிவாயுவுக்கு வாசனை சேர்ப்பதற்கும் விதி உண்டு: எரியும் கீழெல்லையான 5 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1 சதவீதம் கலந்தாலே சாதாரண மூக்குக்குத் தெரிய வேண்டும். ஆகவே முனையருகே வாடை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் விலகிப் போய், அங்கிருந்து நிறுவனத்தையோ 911 என்ற அவசர எண்ணையோ அழையுங்கள். துணி வைத்து அடைக்க மட்டும் போகாதீர்கள். அடைத்தால் அந்த அழுத்தம் வீட்டுக்குள் இருக்கும் அடுப்புக்குத்தான் போகும்.