கரையில் ஏற்றி வைத்த படகு

"கரையில ஏத்தி வெச்ச போட்டு மாதிரி கெடக்கேன் மேடம். ஊர்ல எல்லாரும் கடலுக்குப் போறாங்க, நான் மட்டும் நிக்கிறேன்."

கடலூர் முதுநகரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன். நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. ஐந்து மாதமாக வீட்டிலேயே இருக்கிறான். அப்பாவுக்கு விசைப்படகில் வேலை. (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இனி வருகிறவர்களுக்கும் அப்படியே.)

நான் இந்த மனநல ஆலோசனைத் தொழிலுக்கு வந்த புதிதில் என்றால், தைரியமூட்டும் உவமை ஒன்றை உடனே அவன் கையில் திணித்திருப்பேன். அப்படித் திணித்து ஒருவரின் பேச்சையே நிறுத்தியிருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சில மாதம் கழித்து வந்த ஒரு விவசாயி, "வேரோட சாஞ்சிட்டேம்மா" என்றார். "புயலுக்கு அப்புறம் அமைதி வரும்யா" என்றேன். ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவர் திரும்ப வரவே இல்லை.

அவர் புயலைப் பற்றிப் பேசவில்லை, வேரைப் பற்றிப் பேசினார். அது யார் நட்ட மரம்? மண்ணில் பிடிப்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? சாய்ந்ததை என்ன செய்தார்? இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தத் தோப்புகளைத் தாண்டிப் போகும்போது அவர் முகம் நினைவுக்கு வரும்.

டேவிட் குரோவ் என்ற நியூசிலாந்து உளவியல் சிகிச்சையாளர் 1980களில் உருவாக்கிய கேள்வி முறை ஒன்று இருக்கிறது. வந்தவர் சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. அதே சொல்லை வைத்துக்கொண்டு, அது எப்படிப்பட்டது, எங்கே இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் கேட்க வேண்டும். எளிதாகத் தோன்றும். நம் உவமையை நாக்கிலேயே அடக்கி வைப்பதுதான் கஷ்டம்.

பையனிடம் கேட்டேன்: "அந்த போட்டை எதுக்கு ஏத்தி வெச்சிருக்காங்க?"

"தடைக்காலத்துல ஏத்துவாங்க. பலகை மாத்தணும், இன்ஜினைப் பிரிக்கணும், பெயின்ட் அடிக்கணும்."

"உன் போட்டுல இப்ப என்ன வேலை நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல." ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "தடைக்காலம்னா ஜூன் 14 முடிஞ்சா எறங்கலாம்னு தெரியும் மேடம். எனக்கு அந்தத் தேதி இல்ல."

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இருக்குமா? நானாக யோசித்திருந்தால் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று குறித்துக்கொண்டிருப்பேன். அவன் தவித்தது தேதி இல்லாமல். மறுபடி எழுதுவதா, வேறு படிப்பா என்று வீட்டில் ஒருவரும் வாய் திறக்காமலேயே ஐந்து மாதம் ஓடியிருந்தது. நாட்காட்டியை எடுத்து ஒரு நாளைக் குறித்தோம். அதற்குள் அப்பாவிடம் பேசிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இப்போது ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கிறான்.

உவமை வெறும் அலங்காரம் என்று பள்ளியில் படித்த நினைவில் விட்டுவிடுகிறோம். 2011இல் திபோடோ, போரோடிட்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நகரத்தில் குற்றம் பெருகுவதைச் சிலருக்கு 'வேட்டையாடும் விலங்கு' என்றும், மற்றவர்களுக்கு 'வைரஸ்' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் இரண்டிலும் ஒன்றுதான். விலங்கு என்று படித்தவர்களில் கூடுதலானோர் பிடித்து உள்ளே போடச் சொன்னார்கள். வைரஸ் என்று படித்தவர்கள் காரணத்தைத் தேடிச் சரிசெய்யும் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் புள்ளிவிவரத்தைத்தான் காட்டினார்கள். தங்களைத் திருப்பிய சொல் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நம் வீடுகளில் அப்படிக் கண்ணில் படாத சொற்கள் எத்தனை! 'மண்டையில ஏறல' என்றால் பிள்ளையின் தலை ஒரு பரண், அதில் எதையோ ஏற்ற வேண்டும். 'வண்டி ஓடுது' என்கிறவரிடம் ஓட்டுவது யார் என்று கேட்டால் விழிக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் முக்கியம். "கடலோட போயிடலாம்போல இருக்கு", "தூங்கினா எழுந்திருக்கவே கூடாது" என்று ஒருவர் சொன்னால் அதை உவமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐயோ, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104ஐயோ அழைக்கலாம். அவசரம் என்றால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

போன மாதம் ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். மகளுக்கு வேலைக்குப் போக ஆசை, அம்மாவுக்கு உடனே கல்யாணம் முடிக்க வேண்டும். "இவளைக் கரை சேத்துட்டா போதும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். "நான் என்ன தண்ணியிலயா கெடக்கேன்?" என்று மகள் சீறினாள். நான் அம்மாவிடம், "அந்தக் கரை எப்படி இருக்கும்மா? நீங்க சேந்துட்டீங்களா?" என்றேன்.

அவர் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கு எங்க மேடம் கரை. கல்யாணமாகி இருபத்தி மூணு வருஷமா கழுத்தளவு தண்ணியிலதான் நிக்கிறேன்."

மீதி நேரம் முழுக்க அவர் கதையைத்தான் பேசினோம். மகள் குறுக்கே பேசவில்லை. நடுவில் ஒருமுறை, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அம்மா பக்கம் நகர்த்தி வைத்தாள்.