சார்ஜ் என்னும் வண்டிப் பாரம்

மினிபஸ்ஸில் பின்சீட்டுப் பையன் போனில் கத்துகிறான்: "ஏல, சார்ஜ் தீந்துட்டுல. வீட்டுக்குப் போயி போட்டுட்டுக் கூப்பிடுதேன்." முன்னால் ஓர் ஆச்சி, "சமாதானபுரத்துக்கு என்ன சார்ஜுய்யா?" என்கிறாள். இரண்டும் ஒரே சொல்தான். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரு வண்டி.

லத்தீனில் 'காரஸ்' என்றால் பார வண்டி. வண்டியில் ஏற்றுவதைக் குறித்த வினை அதிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. கார், கார்கோ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஆள்மேல் ஏற்றினால் கடமை, பழி. பொருள்மேல் ஏற்றினால் விலை. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான்.

தமிழ் இதே தடத்தில் தானாக நடந்திருக்கிறது, அதுதான் வேடிக்கை. குற்றத்தைச் 'சுமத்துகிறோம்'. வரியைச் 'சுமை' என்கிறோம். 'பொறுப்பு' என்பதிலும் பாரம் உண்டு: பொறுத்தல் என்றால் தாங்குதல், பொறை என்றால் சுமை. ஆகவே 'ஹெச்.எம். இன்சார்ஜ்' என்பவரைப் 'பொறுப்புத் தலைமையாசிரியர்' என்பது மொழிபெயர்ப்பு மாதிரியே இல்லை. அவர் கையில் வரும் சார்ஜ் மெமோ குற்றச்சாட்டுக் குறிப்பாணை. போலீஸின் சார்ஜ் ஷீட் குற்றப்பத்திரிகை. பஸ்ஸுக்குக் கட்டணம்.

மின்சாரத்தில்தான் இழுபறி. நம் பாடநூல்களில் மின்னூட்டம், இலங்கையில் மின்னேற்றம். என் ஓட்டு இலங்கைக்கு. 'ஏற்றம்' என்றதும் பழைய வண்டி தெரிகிறதே! சார்ஜரை மின்னேற்றி என்று எழுதலாம். பின்சீட்டுப் பையனிடம் போய்ச் சொல்ல மாட்டேன்.

சுமை கைகொடுக்காத இடமும் உண்டு. காளை சார்ஜ் செய்தால் அது பாய்ச்சல். லத்தி சார்ஜ் என்றால் தடியடி. இந்தச் சொல்லைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்தது. அடிக்குத் தப்பி ஓடியதில் தாமிரபரணி ஆற்றில் 17 பேர் செத்தார்கள், ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட. இன்றும் எங்காவது தடியடி என்றால், செய்தியில் 'லேசான தடியடி' என்று போடுகிறார்கள். அந்த 'லேசான' மட்டும் எந்த மொழியிலிருந்து வந்தாலும் எனக்கு விளங்குவதில்லை.